அடித்தவள் மகிழக் கூடாது

குரல் கிழிந்துவிட்டதாம். உயரத்தில் போனால் கிழிகிறதாம். திலகேஸ்வரி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றவில்லை, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த மூவரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பார்த்தால் தான் கேட்டுவிட்டது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேச்சறையின் உயரமான நாற்காலியில், கைக்குட்டை சுற்றிய வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வசனத் தாளின் கடைசிப் பக்கத்தையே படிப்பவள்போல் இருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கணினி நின்றுபோனது. "பத்து நிமிஷம்மா, அப்படியே இருங்க, ஒரே ஒரு லூப்தான் பாக்கி" என்று ஜெரோம் சொன்னான்; லூப் என்றால் ஒரே தடவையில் பேசிப் பதியும் காட்சித் துண்டு. சொல்லிவிட்டு, தங்கள் பேச்சை அவள் ஹெட்போனுக்கு அனுப்பும் டாக்பேக் சுவிட்சை மூட மறந்தான். அவன் இந்தத் தொடரின் டப்பிங் இயக்குநர், முப்பத்தைந்து வயது, பேசும்போது பேனாவைக் கடிப்பவன். அந்தப் பேனாவைக் கடிக்கும் சத்தம்கூட இப்போது அவள் காதுக்குள் கேட்டது. "வசனமெல்லாம் அம்மா பேசினதே இருக்கட்டும். கத்துறத மட்டும் மேக்னாவ வெச்சு எடுத்துடலாம். அம்மா குரல் மேல போனா கிழியுது." "அம்மாகிட்ட யாரு சொல்றது?" இது வசனம் எழுதும் வைத்திலிங்கம். "சொல்லவே வேணாம். மேக்னா நாலு மணிக்கு வரா. அம்மா போனப்புறம் எடுத்துப்போம்." "டிவில வரும்போது தெரியாதா? அவங்க குரல் அவங்களுக்குத் தெரியாதா?" இது ஒலிப்பதிவாளர் நூருல்லா, அவன் குரல் மட்டும் சற்றுத் தள்ளி, மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைப் பிடுங்குகிறவனின் மூச்சோடு வந்தது. "அவங்கள்லாம் கார்ட்டூன் பாக்கமாட்டாங்க நூருல்லா." "நான் மட்டும் பாக்குறேனா," என்றார் வைத்திலிங்கம், "நான் எழுதுறதையே நான் பாக்குறதில்ல." மூவரும் சிரித்தார்கள். இல்லை, இருவர். நூருல்லா சிரித்தானா என்பதை அந்த ஒலியிலிருந்து பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை. அந்த ஒரு சந்தேகத்தில் அவள் கோபம் ஒரு கணம் தட்டி நின்று, பிறகு முன்னைவிட வேகமாகப் போனது.

பார்க்கமாட்டாளாம். இதுவரை இருபத்தைந்து பகுதிகள். ஒவ்வொன்றையும் வீட்டில் நான்கு முறை பார்த்தாள்: முதலில் ஜப்பானிய மூலம், அடுத்து இந்தி, ஆங்கில வடிவங்கள், பிறகு தான் பேசியது. நான்கிலும் நோபுகோ கத்துவது ஒன்றல்ல. நோபுகோ என்பவள் அவள் குரல் கொடுக்கும் பெண். கெண்டோ என்கிற ஜப்பானிய வாட்போட்டியில், உயர்நிலைப் பள்ளி அணியின் ஐந்தாவது ஆள், திறமையால் அல்ல, வேறு ஆள் கிடைக்காததால் ஐந்தாவது ஆள். மூங்கில் வாளைத் தலைகீழாகப் பிடிப்பாள், முகமூடிக்குள் தும்முவாள், எதிராளிக்கு வணக்கம் செய்யக் குனிந்தால் கவசம் நழுவிக் கால்மேல் விழும். இருபத்தைந்து பகுதிகளிலும் தோற்றாள். மூலத்தில் பேசிய அந்த முகம் தெரியாத பெண் நோபுகோவின் கத்தலை வயிற்றிலிருந்து தொடங்கி, தொண்டையில் ஒரு முறை இடறி, கடைசியில் மூச்சாக விட்டுவிடுகிறாள், முடிக்கவில்லை, விட்டுவிடுகிறாள். இந்திக்காரி அதைப் பாதியில் வெட்டி, ஒரு சிரிப்பை ஒட்டுகிறாள். ஆங்கிலத்தில் சுத்தமான, பளபளப்பான, பல் விளம்பரம்போன்ற கத்தல். திலகேஸ்வரி வேறொன்று செய்தாள். இடறலை முன்னால் கொண்டுவந்தாள். கத்துவதற்கு முன்பே பயந்துவிடுகிற பெண் அல்லவா அவள். நான்காம் பகுதியில் அதைக் கண்டுபிடித்தாள், ஒன்பதாம் பகுதியில் கைவிட்டாள், பதின்மூன்றில் திரும்ப எடுத்தாள். அந்த இடறலைத்தான் கிழிசல் என்கிறான். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குரலை எங்கே விட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வருகிறவளிடம், அவளே போட்ட தையலைக் காட்டி, பிரிந்துவிட்டது என்கிறான். ஆனால் எல்லாம் தானாகப் போட்ட தையல்தானா? நேற்று இருபத்தைந்தாம் பகுதியில் ஒரு கத்தல் அவளைக் கேட்காமலே உடைந்தது. அதை அவள் அறிவாள். இரவு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தபோது வாஷ்பேசினுக்கு மேலிருந்த கண்ணாடியில் பெரும்பாலும் ஆவி படிந்து, தன் கழுத்து மட்டும் தெரிந்தது. கோழிக் கழுத்து என்று நினைத்தாள், நினைத்ததற்காக யார்மேலோ கோபப்பட்டாள். உடைந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டானா, அல்லது அவள் வேண்டுமென்று செய்த முப்பதையும் சேர்த்துச் சொல்கிறானா? அவனிடம் கேட்க முடியாது. கேட்டால் சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"ரீஸ்டார்ட் ஆகுது," என்றான் நூருல்லா. "இன்னும் அஞ்சு நிமிஷம்." "சாப்பாடு சொல்லிடலாமா?" என்றார் வைத்திலிங்கம். "ஒரு லூப் முடிச்சுட்டுப் போவோம்யா. எப்படியும் அம்மா கத்துறத வெச்சுக்கப் போறதில்ல, ஒரு டேக்கு சும்மா எடுத்தா போதும்." சும்மா. அந்தச் சொல்லை ஜெரோம் சொன்ன விதம்: முதல் அசையை விழுங்கி, இரண்டாவதை இழுத்து. ஆயிரம் பேர் அந்தச் சொல்லைச் சொல்ல அவள் கேட்டிருக்கிறாள். சும்மா வாங்க, சும்மா உக்காருங்க, சும்மா ஒரு சின்ன ரோல்தாம்மா. இருபத்தாறாவது வயதில், இதே கோடம்பாக்கத்தில், இதைவிடக் குளிரான ஓர் அறையில், தமிழில் ஒரு சொல் பேசத் தெரியாத ஒரு நாயகிக்கு அவள் குரல் கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். படம் இருநூறு நாள் ஓடியது. மருத்துவமனைக் காட்சியில் அந்த நாயகி சொல்லில்லாமல், மூச்சும் விம்மலுமாகவே பேசும் மூன்று நிமிடத்தை ஊரே பேசியது. விருது மேடையில் அந்தப் பெண் ஏறி, ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். பதினான்காம் வரிசையில் உட்கார்ந்து திலகேஸ்வரி கைதட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்று தட்டினாள். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டியதாக இப்போது நினைவு. அப்படித் தட்டவில்லை, நான்கு தட்டுத்தான், ஆனால் நினைவில் கை சிவந்திருக்கிறது. மறுவாரம் ஒரு வார இதழ் நிருபர் வந்து, சும்மா ஒரு பேட்டி என்றார். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த மூன்று நிமிடம் என்னுடையது. அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு எத்தனை வடிவங்கள். நடிகைக்குத் தமிழே வராது என்று திலகா சொன்னாளாம். தயாரிப்பாளர் அலுவலகத்தில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாளாம். விருதில் பங்கு கேட்டாளாம். ஏவியெம் பக்கத்து டீக்கடையில் வழங்கிய ஒரு வடிவத்தில் அவள் யாரையோ செருப்பால் அடித்தே விட்டாள். சொன்னவர்கள் எல்லோரும் நேரில் பார்த்ததாகவே சொன்னார்கள். அடித்திருக்கலாம். அடித்ததற்கும் அடிக்காததற்கும் தண்டனை ஒன்றாகத்தான் இருந்தது: இரண்டு வருடம் எந்த ஸ்டூடியோவிலிருந்தும் போன் வரவில்லை.

ஜெயித்ததைச் சொல்லிக்கொண்டால் தண்டனை: கெண்டோவில் இதற்கு விதியே உண்டு. அதைக் கேட்டபோதுதான் இந்தத் தொடரின்மேல் அவளுக்குப் பிரியம் வந்தது, அந்தப் பிரியம் அப்படியே கோபமாகவும் ஆனது. மூன்றாம் பகுதி. அணியின் பயிற்சியாளர் எப்போதும் கொட்டாவி விடும் ஒரு கணக்கு வாத்தியார். மரத்தரையில் படுத்துக்கொண்டே பாடம் நடத்துவார். வாள் சரியான இடத்தில் பட வேண்டும், உடம்பு வாளோடு போக வேண்டும், அந்த நொடியிலேயே குரலும் எழ வேண்டும். மூன்றும் சேராவிட்டால் அது அடியே அல்ல. மூன்று நடுவர்களில் இருவராவது கொடியை உயர்த்த வேண்டும். உயர்த்தினாலும் முடிந்துவிடவில்லை. அடித்தவள் குதித்தாலோ, சிரித்தாலோ, கையை மடக்கி மேலே தூக்கினாலோ, கொடிகளைக் கீழே இறக்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டிவிடுவார்கள். அடித்தது அடிக்காததாகிவிடும். "அப்ப எப்ப சார் சிரிக்கிறது?" என்று நோபுகோ கேட்பாள். "வீட்டுக்குப் போய்," என்பார் வாத்தியார், கண்ணைத் திறக்காமல். அந்த லூப்பை எடுத்தபோது கண்ணாடிக்கு அப்பால் எல்லோரும் சிரித்தார்கள், வைத்திலிங்கம் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தாழிட்டு, கூடத்தின் நடுவில் நின்றாள். சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி தோற்றுப்போனவளின் எதிரில் குதிக்கக் கூடாது என்பது நல்ல விதி, அதை அவள் ஒப்புக்கொள்கிறாள், தோற்றவளுக்கு மரியாதை. ஆனால் பதினான்காம் வரிசையில் யாருடைய மரியாதைக்காக அவள் கையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்? அங்கே தோற்றவர் யார்? யோசிக்க யோசிக்க அந்தக் கணக்கு வாத்தியார்மேல், கார்ட்டூனில் வரைந்த ஒரு மனிதன்மேல், அவளுக்குக் கோபம் வந்தது. படுத்துக்கொண்டு சொல்கிறான். எழுந்து உட்கார்ந்தாவது சொல்லியிருக்கலாம்.

மணிக்கட்டில் கைக்குட்டை இறுகியிருந்தது. உள்ளே இரண்டு முறுக்கு வளையல்கள். இந்த வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணும் வளையல் போடுவதில்லை. மொடமொடக்கும் புடவை கட்டுவதில்லை. கொலுசை வீட்டில் வைத்துவிடுவாள். மைக் மூச்சை எடுக்கிற மாதிரியே அதையெல்லாம் எடுத்துவிடும். திலகேஸ்வரியும் கண்ணாடி வளையல்களைக் காலையில் கழற்றி டிபன் பையில் போட்டுவிட்டாள். இந்த இரண்டு மட்டும் இறங்காது. முப்பதாவது வயதில், மறுபடி போன் வரத் தொடங்கிய மாதம், தனக்குத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டவை. விரல் மூட்டுகள் பருத்துவிட்டன, இனி ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எனவே தினமும் கைக்குட்டை. பழைய, துவைத்துத் துவைத்து நூலாகிப்போன பருத்திக் கைக்குட்டை, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒரு டேக்கும் அவள் வளையலால் கெட்டதில்லை. அப்படிப்பட்டவளை, நாலு மணிக்கு வரும் ஒரு பெண்ணை வைத்து, இவளுக்குத் தெரியாமலே துடைத்துவிடுவார்கள். மேக்னா கெட்டவள் அல்ல. போன மாதம் மாடிப்படியில் பார்த்தபோது, "மேம், நீங்க அந்த ஹாஸ்பிடல் சீன் பண்ணவங்கதானே, எங்கம்மா சொன்னாங்க" என்றாள். எங்கம்மா. அவள் வாயில் அந்த மூன்று நிமிடம் வந்தபோது திலகேஸ்வரி என்ன சொன்னாள்? "அதெல்லாம் பழசும்மா" என்றாள். கையை அங்கேயும் தூக்கவில்லை. தன்மேலேயே வந்த இந்தக் கோபம் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வசனத் தாளைப் பார்த்தாள். கடைசி லூப். நோபுகோ முதன்முறையாக, தொடர் முழுவதிலும் ஒரே முறையாக, எதிராளியின் தலையில் சுத்தமாக அடிக்கிறாள். கத்தல். மூன்று கொடிகளும் எழுகின்றன. நோபுகோவால் தாங்க முடியவில்லை; கவசக் கை மடங்கி மேலே போகிறது. பதினோரு விநாடி யாரும் பேசுவதில்லை. கொடிகள் இறங்கி ஆடுகின்றன. அணி தோற்கிறது. அந்தப் பதினோரு விநாடியில் வைத்திலிங்கம், 'மாமே, அடிச்ச அடியில எனக்கே பசிக்குதுடா' என்று எழுதியிருந்தார். காலையில் அவள் கேட்டாள். "மூலத்துல அங்க வசனம் இல்லையே சார்?" "இல்லம்மா. ஆனா மூணு விநாடிக்கு மேல சத்தம் இல்லன்னா சேனல்லேர்ந்து போன் வருது. டிவி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க ரிமோட்டத் தட்டுறாங்களாம்." "தட்டட்டுமே." "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. போன எடுக்குறது நான்."

"வந்துருச்சு," என்றான் நூருல்லா. கண்ணாடிக்கு அப்பால் மூவரும் நிமிர்ந்தார்கள். ஜெரோம் முன்னால் சாய்ந்து, ஏற்கனவே திறந்திருந்த சுவிட்சை அழுத்தாமலே, அழுத்திவிட்டதாக நினைத்துப் பேசினான். "திலகாம்மா, சாரிம்மா, ரொம்ப நேரமாயிடுச்சு. ஒரே டேக்கு. ரிலாக்ஸா பண்ணுங்க. ரொம்ப மேல போக வேணாம்." அந்தக் கனிவு. அதற்குத்தான் அவள் பல்லைக் கடித்தாள். அதட்டியிருந்தால்கூட அவனை மன்னித்திருப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நோபுகோ முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகளாக வரையப்பட்ட கண்கள். திலகேஸ்வரி நாற்காலியிலிருந்து இறங்கி நின்றாள். மரத்தரையில் வெறுங்காலைப் பதித்தாள். மூலத்துக்காரியின் வயிறு, தன்னுடைய இடறல், நேற்று உடைந்த அந்த ஒன்று, எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு நொடி மனம் அலமாரியைத் துழாவியது, மருத்துவமனைக் கட்டில், டீக்கடையில் அவள் அடிக்காத செருப்பு, கழுத்து, பசிக்குதுடா, சும்மா, சும்மா, சும்மா என்று அது வயிற்றுக்குள் போய் இறங்கியது, இறங்கிய இடத்திலிருந்து எழும்பியது. அவள் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் அவளைத் தாண்டிப் போனது. முதலில் இடறியது, பிறகு இடறலை மிதித்துக்கொண்டு ஏறியது, உச்சியில் கிழிந்தது, கிழிந்த வாயோடு அப்படியே நின்றது, அதன்பின் மூச்சாகி, எங்கோ முடியாமல் போனது. திரையில் வாளும் அவள் குரலும் ஒரே இமைப்பில் எதிராளியின் தலைமேல் விழுந்தன. பட்டுவிட்டது என்று உள்ளங்கால்வரை தெரிந்தது. மூன்று கொடிகள். அவள் கை மேலே போயிற்று. அவள் தூக்கவில்லை, பதினான்காம் வரிசையில் மடியில் கிடந்த கை தானாகப் போயிற்று. முடிச்சு அவிழ்ந்தது. கைக்குட்டை நழுவ, இரண்டு வளையல்களும் முழங்கையை நோக்கிச் சரிந்து, ஒன்றோடொன்று மோதி, கலீரென்று ஒரு முறை, பிறகு சிறிதாக இன்னொரு முறை ஒலித்தன. வைத்திலிங்கத்தின் வசனத்தை அவள் பேசவில்லை. விளக்கு அணைந்தது.

"அம்மா," என்றான் ஜெரோம். "நல்லா இருந்துச்சும்மா. ஆனா வளையல் சத்தம் விழுந்துருச்சு. உங்களுக்குப் போயி இப்படி ஆகுமா. பரவால்ல, விடுங்க, நாங்க பாத்துக்குறோம். நீங்க கிளம்புங்க." நாங்க பாத்துக்குறோம் என்றால் நாலு மணி. இருபத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு டேக் வளையலால் கெட்டது. அதுவும் இந்த டேக். கொடிகள் இறங்கிக் குறுக்கும் நெடுக்கும் ஆடுவதை அவள் பார்த்தாள். கீழே கிடந்த கைக்குட்டையை எடுக்கவில்லை. "தம்பி," என்றாள். குரல் கரகரத்தது, அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. "உங்க சுவிட்சு பன்னெண்டு மணியிலேர்ந்து தொறந்தே இருக்கு." பேனாவைக் கடிக்கும் சத்தம் நின்றது. அவள் எண்ணினாள், எண்ணுவது தொழில் பழக்கம். ஆறு. ஏழு. ஒன்பதில் ஜெரோம் சொன்னான், "அம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல... சரி, இதையே வெச்சுக்கலாம். நூருல்லா, இதையே ஓகே பண்ணு." அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அடித்ததற்கு அல்ல, கேட்டுவிட்டதற்குக் கொடுக்கிறான். முகத்துக்காகத் தூக்கிய கொடி. "அப்படி வேணாம். போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. மேக்னா நல்லா பண்ணுவா. ஆனா கேட்டுட்டுச் சொல்லுங்க."

நூருல்லா போட்டான். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்தவில்லை. தள்ளி நின்று, வேறு யாரோ கத்துவதைக் கேட்பதுபோல் கேட்டாள். கிழிசல் கிழிசலாகவே இருந்தது. அழகாக இல்லை. மூச்சு போன இடத்தில் மௌனம் தொடங்க, அதற்குள் நோபுகோவின் கவசக் கை மேலே போக, சரியாக அந்த இடத்தில் உலோகம் உலோகத்தில் பட்டது. பிறகு சின்னதாக இன்னொரு முறை. அதற்குப் பின் ஒன்பது விநாடி எதுவுமே இல்லை, ஜனங்களை ரிமோட்டைத் தட்ட வைக்கிற அளவு மௌனம். முடிந்ததும் ஜெரோம் சுவிட்சை மூடினான். ஹெட்போனுக்குள் அந்த மெல்லிய இரைச்சல் அறுந்தது. இப்போது வாய்கள் மட்டும் அசைந்தன. ஜெரோம் ஏதோ சொன்னான், கையை விரித்தான். வைத்திலிங்கம் வசனத் தாளைக் கையிலெடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். நூருல்லா யாரையும் பார்க்காமல் கண்ணாடி வழியாக அவளை நோக்கி வலது கையை உயர்த்தினான். சிரிக்காதவன் அவன்தான் என்று அவள் முடிவு செய்தாள். ஆதாரம் இல்லை, ஆனாலும் முடிவு செய்தாள். வைத்திலிங்கம் பேனாவை எடுத்து, தாளில் ஒரு வரியைக் குறுக்காக அடித்தார். அடித்த தாளைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்து அவளுக்குக் காட்டினார். போன் வந்தா வரட்டும் என்பதுபோல் ஒரு தோள் குலுக்கல். ஜெரோமின் கை மேசைமேலேயே இருந்தது, பேனாவோடு. மூன்றில் இரண்டு. இரண்டு போதும், விதி அவளுக்குத் தெரியும். கோபம் தணிந்திருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். தணியவில்லை, அது எங்கே போகும், அதற்கு இருபத்தெட்டு வயது. விதியின் மற்றப் பாதியும் அவளுக்குத் தெரியும்: இனி முகத்தில் ஒன்றும் காட்டாமல், குனிந்து வணங்கி, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, செருப்பைக் கழற்றி, கதவைத் தாழிட்டு. அவள் மூவரையும் நேராகப் பார்த்தாள். மூன்றாவது கொடி எழாமல் கிடந்த மேசையையும் பார்த்தாள். பிறகு வலது கையை, இந்த முறை அவளே, மெதுவாக, மடக்கிய விரல்களோடு மேலே தூக்கினாள். வளையல்கள் சரிந்து முன்கையில் போய் நின்றன. கண்ணாடிக்கு அப்பால் அந்த ஒலி கேட்டிருக்காது. அறைக்குள் அது நிறையக் கேட்டது.